அளக்காமல் இறக்கிய காற்று

பயிற்சி மையத்துப் பிள்ளைகள் போன வாரம் வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பினார்கள். புதிதாக வந்த பந்தயச் சக்கரங்கள். ரிம் நாலு விரல் உயரம் இருக்கிறது, வால்வு அதையும் தாண்டி வெளியே நீட்டிக்கொண்டு நிற்கிறது. ‘டியூப்லயே நீள வால்வு வருதுண்ணா, இனிமே எக்ஸ்டென்ஷன் வேலையே இல்ல’ என்று கீழே எழுதியிருந்தார்கள். வால்வுக்கு நீட்டுக் குழாய் மாட்டுகிற அந்த வேலை ஒழிந்ததில் என்னைவிடச் சந்தோஷப்படுகிற ஆள் இருக்க முடியாது. ஆனால் அடுத்த செய்தியிலேயே கொக்கி போட்டுவிட்டார்கள். ‘பழைய சக்கரம் ரெண்டு ஜோடி இன்னும் ஓடிக்கினுதான் இருக்கு. எக்ஸ்டென்ஷன் எப்படி மாட்டுறதுன்னு அரைப் பக்கம் எழுதிக் குடுங்க. நோட்டுல ஒட்டி வெச்சிக்கிறோம்.’

எழுதிப் பார்த்தேன். வால்வுப் பின்னைக் கழற்று, டேப் சுற்று, முடுக்கு, பின்னைப் போடு, காற்றடித்து நாலு மணி நேரம் காத்திரு. அரைப் பக்கம்கூட வேண்டியிருக்கவில்லை, ஐந்து வரியில் முடிந்துவிட்டது. அந்த ஐந்தாவது வரியை, பிள்ளைகளே, நீங்கள் மதிக்கப்போவதில்லை என்று எனக்கு நன்றாகத் தெரியும். நானே ஒரு நாள் மதிக்கவில்லை. அதனால் அது எப்படி என் வேலைக்குள் வந்தது, ஒரு நாள் அதைத் தாண்டியதால் என்ன ஆனது என்று சேர்த்தே எழுதிவிடுகிறேன். நோட்டில் ஒட்ட இடம் பத்தாவிட்டால் மடித்துச் செருகிக்கொள்ளுங்கள்.

நான் விக்கிரவாண்டிக்காரன். எட்டாவதோடு படிப்புக்கு முழுக்குப் போட்டுவிட்டு விழுப்புரத்தில் ஸ்டேஷன் பக்கம் ஒரு சைக்கிள் கடையில் சேர்ந்தேன். இருபத்தெட்டு வருஷம் அங்கேதான். அங்கே கற்றதையெல்லாம் எழுத வேண்டியதில்லை, ஒன்றை மட்டும் சொல்கிறேன். நம்ம ஊர் சாதாரண சைக்கிளில் வால்வுக்குள் ஒரு மெல்லிய ரப்பர் குழாய் இருக்கும், வால்டியூப் என்போம். அதை எச்சில் தொட்டுத்தான் ஏற்றுவோம். காற்றடித்து முடித்ததும் வால்வு வாயில் ஒரு பொட்டு எச்சில் வைத்துப் பார்ப்போம். குமிழி வந்தால் கசிவு. பொட்டு அப்படியே நின்றால் வண்டி ரெடி. காற்றை அளக்கிற கேஜ் என்ற சாமானை நான் லாரி பட்டறையில் பார்த்ததோடு சரி. டயரைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தே எவ்வளவு காற்று என்று சொல்லிவிடுவேன் என்று எனக்கு ஒரு கர்வம் உண்டு.

முதலாளி கடையை ஸ்கூட்டர் ஸ்பேர் பார்ட்ஸ் கடையாக மாற்றியபோது எனக்கு வயது நாற்பத்து மூன்று. திண்டிவனத்தில் ஒரு டிரஸ்ட் நடத்துகிற சைக்கிள் பந்தயப் பயிற்சி மையத்துக்கு மெக்கானிக் வேண்டும் என்று யாரோ சொன்னார்கள், போனேன். அங்கே கோச்சாக இருந்தவர் லூர்துமேரி மேடம். என்னைவிடப் பதினான்கு வயது சின்னவர். திண்டிவனத்துக்குப் பக்கத்துக் கிராமம், அவரே ஒரு காலத்தில் மாநில அளவில் ஓட்டியவர். இந்தச் சின்னப் பெண்ணிடமா கைகட்டி நிற்கப்போகிறோம் என்று முதல் நாள் நினைத்தேன். அந்த நினைப்பு ஒரு மாதம்கூடத் தாங்கவில்லை.

மேடம் குரலை உயர்த்திப் பேசி நான் கேட்டதில்லை. அவரிடம் இருந்தது ஒரே ஒரு கேள்வி. நீங்கள் எதைச் சொன்னாலும் அவர் அதைத்தான் கேட்பார். ‘பிரேக் சரியா இருக்கு மேடம்.’ ‘எங்க பார்த்தீங்க?’ ‘செயின் தேஞ்சிடிச்சி மேடம்.’ ‘எங்க பார்த்தீங்க?’ சந்தேகத்தில் கேட்கிற தொனி அதில் இருக்காது. உண்மையிலேயே எந்த இடத்தைப் பார்த்தோம் என்று தெரிந்துகொள்ள விரும்புகிறவர் மாதிரிதான் கேட்பார். பதில் சொல்லும்போது நமக்கே பாதி விளங்கிவிடும். ஞாயிற்றுக்கிழமை பூசைக்குத் தவறாமல் போகிறவர், ஆனால் போட்டி நாளில் நெற்றியில் சிலுவை போட்டுக்கொள்வதுகூட கேஜைப் பார்த்த பிறகுதான்.

நான் சேர்ந்த இரண்டாவது வருஷம் அந்த உயர ரிம் சக்கரங்கள் வந்தன. யாரோ ஓட்டி முடித்துக் கொடுத்தவை, இரண்டு ஜோடி. கறுப்பு கார்பன், தட்டினால் பலகை மாதிரி சத்தம் வரும். காற்றைக் கிழித்துப் போகத்தான் அந்த உயரம். பசை போட்டு ரிம்மில் ஒட்டுகிற டயர். டயரின் வால்வு விரல் நீளம், ரிம்மோ அதைவிட உயரம். அதனால் வால்வு ரிம்மின் வயிற்றுக்குள்ளேயே நின்றுவிடும், பம்ப் வாய்க்கு எட்டாது. எட்டுவதற்காக அதன் தலையில் முடுக்குகிற நீட்டுக் குழாய்தான் எக்ஸ்டென்ஷன்.

அதில் இரண்டு வகை வந்தது. ஒரு வகையில் வால்வை எதுவும் செய்ய வேண்டாம். அதன் உச்சியில் இருக்கிற குட்டித் திருகைத் திறந்துவிட்டு, மேலே குழாயை முடுக்கிவிட்டால் போதும். சுலபமாக இருக்கிறதே என்று முதலில் அதைத்தான் மாட்டினேன். ஒரு போட்டிக் காலையில் காற்றடித்தபோது நாலு அடியிலேயே பம்ப் முள் உச்சிக்குப் போய்விட்டது. டயரைத் தொட்டால் தொளதொளவென்று கிடக்கிறது. ரோட்டு அதிர்வில் உள்ளே அந்தத் திருகு தானாக மூடிக்கொண்டிருந்தது, நான் குழாய்க்கு மட்டும் காற்றடித்துக் கொண்டிருந்திருக்கிறேன். மேடம் அந்த வகையை மொத்தமாக ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டு மூடி, ‘இது வேணாம்’ என்று மேலே வைத்துவிட்டார்.

இரண்டாவது வகைதான் நீங்கள் கேட்டது. வால்வின் உள்ளே இருக்கிற பின்னை, அதாவது காற்றைப் போகவிட்டு மூடுகிற அந்தக் குட்டி உறுப்பை, சாவி போட்டுக் கழற்றிவிட வேண்டும். எக்ஸ்டென்ஷனின் அடி மரையில் குழாய் வேலைக்காரர்கள் சுற்றுகிற வெள்ளை டேப்பை முடுக்குகிற திசையிலேயே இரண்டு சுற்று. பிறகு அதை ரிம் ஓட்டை வழியாக இறக்கி வால்வில் முடுக்கி, கழற்றிய பின்னை எக்ஸ்டென்ஷன் உச்சியில் போட்டுவிட்டால் முடிந்தது.

முதல் சக்கரத்தை முடித்துக் காற்றடித்து, உச்சியில் ஒரு பொட்டு எச்சில் வைத்தேன். பொட்டு அசையவில்லை.

‘காத்து நிக்குது மேடம்.’

‘எங்க பார்த்தீங்க?’

‘வாயில வெச்சிப் பார்த்தேன், குமிழி வர்ல.’

மேடம் சக்கரத்தை மடியில் வாங்கிக்கொண்டார். ‘வாய் மேல இருக்கு. நீங்க முடுக்கின எடம் ரிம்முக்குள்ள இருக்கு. அங்க எச்சில் வெக்க முடியுமா?’

முடியாது. இணைப்பு இருப்பது ஆழத்தில், கண்ணுக்கும் கைக்கும் எட்டாத இடத்தில். அங்கே கசிந்தால் காற்று ரிம்மின் வயிற்றுக்குள் போய், கம்பி ஓட்டைகள் வழியாகச் சத்தமில்லாமல் வெளியேறிவிடும். உச்சியில் பொட்டு அழகாக நின்றுகொண்டிருக்கும். அதைக் கண்டுபிடிக்க மேடம் வைத்திருந்த வழி ஒன்றுதான். காற்றடித்து, கேஜ் வைத்து அளந்து, எண்ணையும் நேரத்தையும் ஒரு துண்டு டேப்பில் எழுதி ரிம்மில் ஒட்டுவார். நாலு மணி நேரம் யாரும் தொடக்கூடாது. மறுபடி அளப்பார். இறங்கியிருந்தால், மருந்துக் கடையில் வாங்கிய ஊசியில்லாத சிரிஞ்சில் சோப்புத் தண்ணீர் எடுத்து ரிம் ஓட்டைக்குள் விடுவார். கசிவு இருந்தால் ஓட்டை வாயில் நுரை எழும்பி வரும். அதோடு இன்னொரு சட்டமும் உண்டு. போட்டி அன்று எக்ஸ்டென்ஷனில் கை வைத்துவிட்டால், அன்றைக்கு அந்தச் சக்கரம் கிடையாது. சாதாரண சக்கரத்தை மாட்டி அனுப்ப வேண்டும். சாதாரண சக்கரத்தில் சில விநாடி கூடுதலாகும், ஆனால் காற்று நிற்கும்.

இனி கௌசல்யா விஷயத்துக்கு வருகிறேன்.

கௌசல்யா விழுப்புரம் தாண்டி, காணைக்குப் பக்கத்துக் கிராமத்துப் பெண். அப்பா கரும்பு வெட்டப் போகிறவர், அம்மா நடவுக்கும் களையெடுப்புக்கும் போகிறவர். பள்ளிக்கூடத்தில் கொடுத்த இலவச சைக்கிளில் ஓடி ஒரு மாவட்டப் போட்டியில் ஜெயித்து, மேடம் கண்ணில் பட்டு எங்களிடம் வந்தவள். அதிகம் பேசமாட்டாள். மற்ற பிள்ளைகள் மாதிரி அவளும் என்னை அண்ணா என்றுதான் கூப்பிடுவாள். என் மகளைவிடச் சின்னவள்தான், ஆனால் மெக்கானிக்குக்கு யார் வயது பார்க்கிறார்கள்.

பத்தாவது முடித்ததும் வீட்டில் அவளுக்கு ஒரு வருஷம் கொடுத்திருந்தார்கள். அந்த வருஷத்துக்குள் மாநில விளையாட்டு விடுதிக்குத் தேர்வாகிவிட்டால் சாப்பாடு, படிப்பு, பயிற்சி எல்லாம் விடுதியின் பொறுப்பு. ஆகாவிட்டால் செருப்புக் கம்பெனி வேலை, கம்பெனி வேன் ஊருக்கே வந்து ஏற்றிக்கொண்டு போகும். அவள் கூட்டாளிகள் ஏற்கெனவே அதில் போய்க்கொண்டிருந்தார்கள். தேர்வு என்பது ஒரே ஒரு ஓட்டம்தான். திண்டிவனத்திலிருந்து ஓமந்தூர் பக்கம் போகிற சாலையில் பத்து கிலோமீட்டர் போய்த் திரும்ப வேண்டும், ஒவ்வொருவராகக் கிளப்பிவிட்டு நேரம் பார்ப்பார்கள். பெண்களில் இரண்டு பேருக்குத்தான் இடம்.

அன்று காலை மேடத்தைத் திருப்பத்தில் நிற்கும்படி போட்டி நடத்துகிறவர்கள் கேட்டிருந்தார்கள். கிளப்புகிற இடத்தில் எங்கள் பிள்ளைகளுக்கு நான் மட்டும்தான். கௌசல்யாவின் பின்சக்கரத்தை முந்தின நாளே மாட்டி, நாலு மணி நேரம் வைத்து அளந்து, நூற்றுப் பத்து பவுண்டு என்று எழுதி ஒட்டியிருந்தேன். எல்லாம் சரியாக இருந்தது. அவள் கிளம்ப அரை மணி இருக்கும்போது, ஒரு சுற்று ஓட்டிப் பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்துக்கொண்டு வந்தாள்.

‘அண்ணா, பின்னால கடகடன்னு ஒரு சத்தம் வருது. அதையே கேட்டுக்கினு எப்படிண்ணா ஓட்டறது?’

எக்ஸ்டென்ஷன் ரிம் ஓட்டையில் ஆடி இடிக்கிற சத்தம். ஒன்றும் செய்யாது, பேஜாரான சத்தம், அவ்வளவுதான். ‘சத்தம் வந்தா வரட்டும், நீ ஓட்டு’ என்று சொல்லியிருக்கலாம். இல்லை, சட்டப்படி சாதாரண சக்கரத்தை மாட்டியிருக்கலாம், சாமான் ஏற்றி வந்த வண்டியில் இருந்தது. நான் என்ன செய்தேன் என்றால், ‘குடு, ஜல்தியா முடிச்சிடறேன்’ என்றேன். காற்றை இறக்கி, எக்ஸ்டென்ஷனைக் கழற்றி, அடி மரைக்குப் புது வெள்ளை டேப் சுற்றினேன். ஆடாமல் இருக்க, குழாயின் உடம்பில் கரன்ட் வேலைக்காரர்களின் கறுப்பு டேப்பை மூன்று சுற்றுச் சுற்றி மறுபடி இறக்கி முடுக்கினேன். நன்றாக இறுகியது. காற்றடித்து நூற்றுப் பத்து வைத்தேன். கை தானாகவே நாக்குக்குப் போனது, உச்சியில் ஒரு பொட்டு வைத்துப் பார்த்தேன். அசையவில்லை.

என் கை எங்கே ஏமாந்தது என்பதை நீங்கள் கவனிக்க வேண்டும். இறுகியது மரை இல்லை. கறுப்பு டேப் ரிம் ஓட்டையை நெருக்கிக்கொண்டு பிடித்ததைத்தான் என் கை முடுக்கம் என்று எடுத்துக்கொண்டது. உள்ளே மரை இன்னும் இரண்டு சுற்றுப் போக வேண்டியிருந்திருக்கிறது. ஆட்டத்தை நிறுத்துவதற்கான டேப்பை, எக்ஸ்டென்ஷனை முடுக்கி முடித்த பிறகு, ஓட்டை வாயில்தான் சுற்ற வேண்டும். முதலில் சுற்றினால் இதுதான் கதி.

சத்தம் போய்விட்டது. அவள் சிரித்தாள், எனக்கும் பெருமையாக இருந்தது. இருபது நிமிஷம் கழித்து அவளைக் கிளப்பிவிட்டார்கள்.

திரும்பி வந்தபோதே எனக்கு ஏதோ சரியில்லை என்று பட்டது. உடம்பு இடமும் வலமுமாக ஆட, வண்டியை இழுத்துக்கொண்டு வருகிறவள் மாதிரி வந்தாள். மூன்றாவது. இரண்டாவதாக வந்த பெண்ணுக்கும் அவளுக்கும் ஒன்பது விநாடி வித்தியாசம். கோட்டைத் தாண்டியதும் ரோட்டோரம் உட்கார்ந்து முழங்காலில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். நான் வண்டியை வாங்கிப் பின்சக்கரத்தைக் கழற்றினேன்.

ஒட்டு டயர் வைத்திருக்கிறவர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. ஓட்டம் முடிந்ததும் சக்கரத்தை நிழலுக்குக் கொண்டுபோய்க் காற்றைப் பாதி இறக்கிவிடுவோம். நம்ம ஊர் வெயிலில் முழுக்காற்றோடு விட்டால் பசை இளகும், டயர் வெடிக்கவும் செய்யும். அதனால் நான் காற்றை இறக்குவதை யார் பார்த்தாலும் வித்தியாசமாகத் தெரியாது. கட்டைவிரலை டயரில் வைத்தேன். உள்ளே போனது. பாதிக்காற்றுதான் இருந்தது. கேஜ் என் சட்டைப் பையில் இருந்தது. நான் வால்வை அழுத்தினேன், மிச்சக் காற்றும் புஸ்ஸென்று போய்விட்டது.

யோசிக்காமல் செய்துவிட்டேன் என்று எழுத ஆசைதான். யோசித்துத்தான் செய்தேன்.

கொஞ்ச நேரத்தில் மேடம் திருப்பத்திலிருந்து வந்து சேர்ந்தார். ‘திரும்பும்போது இதுதான் மொத ஆளா இருந்திச்சி. அப்பறம் இன்னா ஆச்சி? பின்சக்கரத்துல காத்து எப்படி இருந்திச்சி?’

‘சரியாத்தான் இருந்திச்சி மேடம். எறக்கிட்டேன்.’

‘எங்க பார்த்தீங்க?’

‘கைய வெச்சிப் பார்த்தேன்.’

என்னையே ஒரு நிமிஷம் பார்த்தார். நான் சக்கரத்தைத் துடைத்துக்கொண்டிருந்தேன். அப்போது கௌசல்யா தலையைத் தூக்கி, ‘கால் ஓடல மேடம். திரும்பனதுலேர்ந்து கால் ஓடவேல்ல’ என்றாள். எனக்கு நல்ல வேளை என்று தோன்றியது. எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது, ஆனால் அப்படித்தான் தோன்றியது.

மறுநாள் அவள் பயிற்சிக்கு வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை. அந்தச் சக்கரத்தை நான் ஸ்டோர் ரூமில் கடைசி ஆணியில் மாட்டிவிட்டு அந்தப் பக்கமே போகாமல் இருந்தேன். வீட்டில் சோறு இறங்கவில்லை. என்ன என்று மனைவி கேட்டதற்கு வெயில் என்றேன்.

ஐந்தாம் நாள், வெள்ளிக்கிழமை, அவள் அம்மா வந்தார். மையத்தில் கொடுத்த ஷூவையும் ஜெர்சியையும் துவைத்து மடித்து ஒரு துணிக்கடைப் பையில் கொண்டுவந்திருந்தார்.

‘அது வர மாட்டேங்குதும்மா. எனக்கு கால்ல அவ்ளோ பெலம் இல்ல, சும்மா ஒரு வருசத்த வீணாக்கிட்டேன்னு சொல்லுது. திங்கக்கெழமை கம்பெனி வேன்ல ஏறிக்கிறன்னு அதுவே சொல்லிடிச்சி. நாங்க ஒண்ணும் சொல்லல.’

மேடம் பையை வாங்கிக்கொள்ளவில்லை. ரெண்டு நாள் வைத்திருங்கள் என்று சொல்லித் திருப்பி அனுப்பினார். அந்த அம்மா கேட்டைத் தாண்டும்வரை நான் நின்றுகொண்டிருந்தேன். பிறகு மேடத்தின் மேஜைக்கு முன்னால் போய், கறுப்பு டேப்பிலிருந்து ஆரம்பித்துக் கட்டைவிரல்வரைக்கும் சொல்லிவிட்டேன். ஐம்பதை நெருங்குகிற ஆம்பளை, ஒரு ரிப்பேர் விஷயத்துக்கு அழுதேன்.

மேடம் திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். ‘அந்தச் சக்கரத்தத் தொட்டீங்களா அதுக்கப்பறம்?’ என்று மட்டும் கேட்டார். இல்லை என்றேன். ‘நல்லது. அப்படியே எடுத்துக்கினு வாங்க.’

எக்ஸ்டென்ஷனைத் தொடாமல் நூற்றுப் பத்து அடித்தோம். இருபது நிமிஷம் அவள் கிளம்பக் காத்திருந்த நேரம், முப்பத்தைந்து நிமிஷம் அவள் ஓட்டிய நேரம். நடுவில் அளந்தால் அதிலும் கொஞ்சம் காற்று போய்விடும் என்று, ஐம்பத்தைந்து நிமிஷமும் இரண்டு பேரும் கையைக் கட்டிக்கொண்டு எதிரெதிரே உட்கார்ந்திருந்தோம். நேரம் ஆனதும் கேஜ் வைத்தார். ஐம்பத்தெட்டு. சிரிஞ்சில் சோப்புத் தண்ணீர் விட்டார். ஓட்டை வாயில் நுரை பொங்கி வந்தது.

அவர் உடனே போட்டி நடத்தியவர்களுக்கு போன் செய்தார். முடிவு போர்டில் ஒட்டியாகிவிட்டது, சக்கரத்தில் என்ன கோளாறு இருந்தாலும் அது ஓட்டுகிறவர் பொறுப்பு, மறு ஓட்டம் கிடையாது என்று சொல்லிவிட்டார்கள். சட்டம் அதுதான், அவர்களைக் குறை சொல்ல முடியாது.

‘நான் போய் அந்தப் பொண்ணுகிட்ட சொல்லட்டுமா?’ என்றார் மேடம். பிறகு அவரே, ‘இல்ல, நீங்கதான் சொல்லணும். சக்கரத்தையும் பம்பையும் எடுத்துக்கினு போங்க. சும்மா சொன்னா நம்பாது’ என்றார்.

சனிக்கிழமை காலை விழுப்புரம் பஸ்ஸில் சக்கரத்தை மடியிலும் பம்பைக் காலிடுக்கிலும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ‘இன்னாப்பா, சக்கரம் மட்டும் டிக்கெட் வாங்கிக்கினு போவுது? மீதி வண்டி எங்க?’ என்றார் கண்டக்டர். பஸ்ஸே சிரித்தது. விக்கிரவாண்டி டோல்கேட்டில் பஸ் நின்றபோது இறங்கி வீட்டுக்குப் போய்விடலாமா என்றுகூட நினைத்தேன். விழுப்புரத்தில் இறங்கி காணைக்கு வண்டி மாறினேன்.

கௌசல்யா வீட்டு வாசலில் மல்லாட்டைக் கடலை உரித்துக்கொண்டிருந்தாள். என்னையும் சக்கரத்தையும் பார்த்துவிட்டு எழுந்து நின்றாள்.

‘தப்பு உன் கால்ல இல்லம்மா. நான் மாட்னதுலதான் தப்பு. காத்து எறங்கிடிச்சி’ என்றேன். நின்றபடியே சொல்லிவிட்டேன். உட்கார்ந்தால் சொல்ல வராது என்று பயம்.

அவள் முகம் மாறவில்லை. ‘மேடம் அனுப்பிச்சாங்களா? என்னைக் கூட்டிக்கினு வர்றதுக்கு இப்படிச் சொல்லச் சொன்னாங்களா?’

மேடம் சொன்னது சரிதான், நம்பவில்லை. நான் பம்பை மாட்டி நூற்றுப் பத்து அடித்தேன். கேஜை அவள் கையிலேயே கொடுத்தேன். அவளே அளந்தாள், அவள் செல்போனிலேயே நேரம் பார்த்துக்கொண்டாள். ‘ஐம்பத்தஞ்சி நிமிஷம். நீயும் தொடாத, நானும் தொடல’ என்றேன். சக்கரத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு அவள் மறுபடி மல்லாட்டை உரிக்க உட்கார்ந்துவிட்டாள். அவள் அம்மா எனக்கு ஒரு சொம்பு கேப்பைக் கூழ் கொண்டுவந்து கொடுத்தார். விஷயம் இன்னும் அவருக்கு விளங்கவில்லை. விளங்கியிருந்தால் கொடுத்திருப்பாரா தெரியாது. வாங்கிக் குடித்தேன்.

நேரம் ஆனதும் கௌசல்யா எழுந்து வந்தாள். கேஜை எடுக்கவில்லை. முதலில் கட்டைவிரலை வைத்தாள். விரல் உள்ளே போனது. அதை எடுத்துவிட்டு மறுபடி அழுத்தினாள். அப்புறம்தான் அளந்தாள். ஐம்பத்தேழு.

‘திரும்பனதுலேர்ந்து பின்னால யாரோ புடிச்சி இழுக்குற மாதிரியே இருந்திச்சிண்ணா’ என்றாள். ‘கால்தான்னு நெனச்சேன். ஒரு வாரமா என் காலத் திட்டிக்கினு இருக்கேன்.’

நான் பம்பை எடுத்து ஓரமாக வைத்தேன்.

‘அன்னிக்கி நான் வந்து நிக்கும்போது எவ்ளோ இருந்திச்சி?’

‘அளக்கலம்மா.’

‘கேஜ் இல்லியா?’

‘இருந்திச்சி.’

‘அப்பறம் ஏன்ணா அளக்கல?’

‘அளந்தா தெரிஞ்சிடும்னுதான்.’

அவள் என்னை நேராகப் பார்த்தாள். கோபமாகக் கத்தினாலும் வாங்கிக்கொள்ளத் தயாராகத்தான் வந்திருந்தேன். அவள் கேஜைச் சக்கரத்தின் மேல் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். வெளியே வரவேயில்லை. அவள் அம்மாவிடம் எல்லாவற்றையும் மறுபடி முதலிலிருந்து சொன்னேன். அவர் கேட்டு முடித்துவிட்டு, காலிச் சொம்பை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். ‘ராத்திரியெல்லாம் அழுதுச்சிங்க அது. நாங்க இன்னா கண்டோம்’ என்றார். ‘திங்கக்கெழமை வேன் வரும். அது ஏறுதா இல்லியான்னு அன்னிக்குத்தான் தெரியும்.’

திங்கட்கிழமை காலை மையத்துக் கேட்டைத் திறக்கும்போது அவள் வெளியே நின்றுகொண்டிருந்தாள். துணிக்கடைப் பை கையில் இருந்தது. வீட்டில் என்ன பேசினாள், இன்னொரு வருஷத்தை எப்படி வாங்கினாள் என்று அவள் சொல்லவுமில்லை, நான் கேட்கவுமில்லை. உள்ளே வந்தவள் நேராக ஸ்டாண்டுக்குப் போய்ப் பம்பை எடுத்துத் தன் சக்கரத்துக்குத் தானே காற்றடித்தாள். நான் பக்கத்தில் போனதும், ‘நானே பாத்துக்கறேண்ணா’ என்றாள். மரியாதையாகத்தான் சொன்னாள்.

அந்த வருஷம் முழுக்க அப்படித்தான். செயின், பிரேக், கியர் எல்லாம் என்னிடம் கொடுப்பாள், சக்கரத்தை மட்டும் தரமாட்டாள். எக்ஸ்டென்ஷன் மாட்டுவதை மேடத்திடம் கேட்டுக் கற்றுக்கொண்டாள். அவள் டேப் சுற்றுகிற சுத்தம் எனக்கு வராது. எனக்கு வருத்தம் இல்லை என்று சொன்னால் பொய். இருபத்தெட்டு வருஷம் வால்வோடு பிழைத்தவன் கையில் ஒரு பிள்ளை தன் வால்வைக் கொடுக்க யோசிக்கிறது. ஆனால் அவளிடம் நான் எந்த வாயால் கேட்பது? ஒன்றை மட்டும் செய்தேன். அன்றிலிருந்து எந்தச் சக்கரத்திலும், யார் ஓட்டிவிட்டு வந்தாலும், கேஜ் வைத்து அளந்து எழுதாமல் காற்றை இறக்கியதில்லை. பயிற்சிக்கு ஓட்டியதாக இருந்தாலும் அப்படித்தான். ‘இன்னாண்ணா, எறக்கப்போற காத்துக்கு எதுக்கு அளவு’ என்று நீங்களெல்லாம் கிண்டல் செய்திருக்கிறீர்கள். பதில் சொன்னதில்லை. இப்போது சொல்லிவிட்டேன்.

அடுத்த வருஷம் அதே சாலையில் அதே தேர்வு. அவள் முதலாவதாக வந்தாள், விடுதிக்கும் போனாள், அங்கிருந்து இன்னும் மேலேயும் போனாள். ஆனால் அன்று அவள் கோட்டைத் தாண்டி வந்தபோது பின்னால் இன்னும் இரண்டு பேர் ஓட்டிக்கொண்டிருந்தார்கள், முடிவு யாருக்கும் தெரியாது. நான் வழக்கம்போல் தள்ளியே நின்றேன். அவள் வண்டியை மேடத்திடம் கொண்டுபோவாள் என்றுதான் நினைத்தேன். மூச்சு வாங்க இறங்கினாள், ஒரு வாய் தண்ணீர் குடித்தாள், தானே பின்சக்கரத்தைக் கழற்றினாள். கழற்றி அதை என்னிடம் கொண்டுவந்து நீட்டினாள்.

‘அளந்துட்டு எறக்குங்கண்ணா’ என்றாள்.